மூலக்கலங்களின் வீடு

சென்ற வருடம் எனது சாச்சிக்குக் குருதிப் புற்றுநோய் என வைத்தியர்கள் கூறினார்கள். மூலக்கல மாற்றுச் சிகிச்சைக்காக உடன்பிறந்தவர்களைப் பரிசோதித்தபோது மாமாவினுடையது பொருந்தியது. ஆனால் வீட்டில் எல்லோருக்கும் பயம். "முள்ளந்தண்டில ஊசி போட்டு எடுப்பாங்களாம், பொறகு நடக்க ஏலாதாம்" என்று மூத்தும்மா அழுதார். அந்தப் பயம் சரியானதா என்று தேடிப் படித்ததன் விளைவே இக்கட்டுரை.

செங்குழியங்கள், வெண்குழியங்கள், குருதிச் சிறுதட்டுக்கள் யாவும் என்பு மச்சையிலுள்ள மூலக்கலங்களிலிருந்தே உருவாகின்றன. மச்சையிலுள்ள துணைக்கலங்கள் சி.எக்ஸ்.சி.எல் 12 என்னும் புரதத்தைச் சுரக்கின்றன. மூலக்கலத்தின் மேற்பரப்பிலுள்ள சி.எக்ஸ்.சி.ஆர் 4 என்னும் வாங்கி அதனை உணர்கிறது. துறையில் தோணியைக் கட்டிவைக்கும் கயிறு போல இவ்விணைப்பு மூலக்கலத்தை மச்சையில் தங்கவைக்கிறது. சுகதேகியில் மிகச் சில மூலக்கலங்களே குருதிக்குள் சென்று திரும்புகின்றன.

குருதிப் புற்றுநோயில் இந்த ஒழுங்கு குலைகிறது. புற்றுநோய்க் கலங்கள் பலவற்றிலும் இதே வாங்கி இருப்பதால் அவையும் மச்சைக்குள் வந்து குடியேறுகின்றன. மனிதப் புற்றுநோய்க் கலங்களைச் சுண்டெலிகளில் செலுத்திச் செய்யப்பட்ட ஓர் ஆய்வு 2008இல் வெளியானது. அக்கலங்கள் மச்சையின் சூழலையே மாற்றிவிட்டன. அங்கு இழுக்கப்பட்ட நல்ல மூலக்கலங்கள் காலப்போக்கில் குறைந்தன. வெளியே வரவேண்டிய வேளையிலும் சரிவர வரவில்லை. நல்ல குருதிக்கலங்கள் குறையும்போதுதான் நோயாளி வெளிறிப்போகிறார், அடிக்கடி காய்ச்சல் வருகிறது, இலகுவில் குருதி கசிகிறது.

இன்னொரு வகை நோயில் நிலைமை நேர்மாறானது. 1960இல் பிலடெல்பியா நிறமூர்த்தம் கண்டறியப்பட்ட நாட்பட்ட குருதிப் புற்றுநோயில், கலங்கள் மச்சையைப் பற்றிக்கொள்ளும் ஆற்றல் குறைகிறது. முதிராத கலங்கள் குருதியில் நிறைந்து மண்ணீரலில் சேர, அது வீங்குகிறது.

கயிற்றை அறிந்ததால் அதைத் தளர்த்தவும் முடிகிறது. கொடையாளிக்குச் சில நாட்கள் ஜீ.சி.எஸ்.எப் ஊசி போடும்போது மூலக்கலங்கள் குருதிக்குள் வருகின்றன. கை நாளத்திலிருந்து வரும் குருதியிலிருந்து இயந்திரம் அவற்றைப் பிரித்தெடுத்து, மீதியைத் திருப்பிச் செலுத்துகிறது. சில நாட்கள் எலும்பு நோவு இருக்கலாம். கொடுத்த கலங்களை உடல் மீண்டும் உருவாக்கிக்கொள்ளும். மச்சையை நேரடியாக எடுப்பதாயினும், மயக்கமருந்து கொடுத்து இடுப்பெலும்பிலிருந்தே எடுப்பார்கள். முண்ணாணை எவரும் தொடுவதில்லை.

பெற்ற கலங்கள் நோயாளியின் நாளத்தினூடாகவே ஏற்றப்படுகின்றன. அவை தாமாகவே வழி கண்டு மச்சையை அடைகின்றன. இச்சிகிச்சைக்கு வழிகாட்டிய டொனால் தோமசுக்கு 1990இல் நோபல் பரிசு கிடைத்தது.

இதையெல்லாம் நான் படம் வரைந்து விளக்கிய பின், "கையிலதானா எடுக்கிற?" என்று மூத்தும்மா இரண்டு தடவை கேட்டார். மாமா கொடுத்தார். அடுத்த கிழமையே வேலைக்கும் போனார். சாச்சியின் வெண்குழியங்கள் மூன்றாவது கிழமையில் கூடத் தொடங்கின. இன்னும் அவர் கிளினிக் போய்வருகிறார்.

ஒரே தாய் தந்தையின் பிள்ளைகளில் ஒருவருடையது இன்னொருவருக்குப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்றுதான். நாளை உங்கள் வீட்டிலும் ஒருவரைக் கேட்கலாம். அப்போது அயலாரின் பேச்சைக் கேட்டு மறுத்துவிடாமல், முதலில் வைத்தியரிடம் விளக்கம் கேளுங்கள்.