வெள்ளம் கொண்டுபோன மண்ணுக்கு யார் கணக்கு எழுதுவது?

1977 நவம்பர் 12ஆம் தேதி அதிகாலை, நாகப்பட்டினத்துக்குச் சற்றுத் தெற்கே ஒரு புயல் கரையேறியது. மேற்கே நகர்ந்து, உள்மாவட்டங்களைத் தாண்டி, மறுநாள் காலை கேரளக் கரைக்கு அப்பால் கடலில் இறங்கியது. ஒரு வாரம் கழித்து ஆந்திராவின் திவிசீமையில் அடித்த புயலில் பத்தாயிரம் பேருக்கு மேல் மாண்டதால், நம்ம புயலை வெளியுலகம் மறந்துபோச்சு. பழனி மலை அடிவாரத்தால் மறக்க முடியாது. கீழ்மலையில் பிறந்து வேடசந்தூர் வழியாக ஓடி அமராவதியில் சேருகிற குடகனாற்றின் மண் அணை அதே நவம்பரில்தான் உடைந்தது. மதகுகள் ஐந்து. வெள்ளம் வந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. ஊழியர்கள் கையாலேயே ஷட்டரைத் தூக்கப் பார்த்தார்கள், முழுசாக ஏறவில்லை. தண்ணீர் கரைமேல் வழிந்து, மண்ணை அரித்து, அணையைப் பல இடங்களில் பிளந்தது. சுமார் 20 உயிர்கள் போயின.

41 வருஷம் கழித்து, 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா வந்தது. நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே நுழைந்து, திண்டுக்கல் வழியாக அதுவும் எங்கள் மலைக்குத்தான் வந்தது. டெல்டாவில் தென்னை சாய்ந்ததை நாடே பார்த்தது. கொடைக்கானல் மலையில் மரங்கள் விழுந்து சாலை அடைபட்டதும், தோட்டங்கள் சரிந்ததும் செய்தியில் ஓரமாகத்தான் வந்தன.

வங்கி வேலையில் ஓய்வுபெற்று, தாண்டிக்குடிப் பக்கம் காப்பி, மிளகு, மலைவாழை வைத்திருப்பவன் நான். பழக்கதோஷம், எதையும் பற்று வரவாகத்தான் பார்க்கத் தோன்றுகிறது. விளைச்சல் என்பது வட்டி, மேல்மண்தான் முதல். வெள்ள நிவாரணம் பெரும்பாலும் வட்டிக்குத்தான் வருகிறது. முதலை மீட்கிற வேலை நம் தலையில்தான். இரண்டையும் எப்படிச் செய்வது என்று பார்ப்போம்.

மலையில் வெள்ளம் நிற்காது

சமவெளியில் வெள்ளம் வந்து தேங்கும். வடியும்போது வண்டலையும் விட்டுப்போகும். மலையில் ஓடும்; ஓடும்போது மண்ணையும் கூட்டிக்கொண்டு போகும். ஒரு ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் மழை என்றால் 40,000 லிட்டர். பத்து சென்டிமீட்டர் மழைக்கு நாலு லட்சம் லிட்டர். அதே ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் மேல்மண் போனால், போனது ஏறக்குறைய 50 டன். அந்த ஒரு சென்டிமீட்டர் உருவாக நூற்றுக்கணக்கான வருஷம் ஆகும்.

போகிற மண் வீணாகவும் கிடப்பதில்லை. மருதாநதி, மஞ்சளாறு, ஆத்தூர் காமராஜர் நீர்த்தேக்கம் என்று அடிவாரத்து அணைகளில் போய் உட்கார்ந்து, கீழ்நாட்டுக்காரர் தண்ணீரையும் சேர்த்துக் குறைக்கிறது.

நிழல்மரமும் சருகு மெத்தையும் உள்ள காப்பித் தோட்டத்தில் மழை மெதுவாகத்தான் மண்ணைத் தொடும். மேல்மலையில் உருளைக்கும் கேரட்டுக்கும் சரிவோடு மேலிருந்து கீழாகப் பார் பிடித்திருந்தால், ஒவ்வொரு சாலும் ஒரு வாய்க்கால். ஜேசிபி வைத்துச் சரிவை வெட்டியோ ஓடையை மூடியோ இருந்தால் தண்ணீர் புது வழி தேடும். அந்த வழியில் வீடும் இருக்கலாம்.

பணக் கணக்கு

2022-26 காலத்துக்கான பேரிடர் நிவாரண நெறிமுறைப்படி, பயிர்ச்சேதம் 33 சதவீதத்துக்கு மேல் இருந்தால் இடுபொருள் உதவி உண்டு. எக்டருக்கு மானாவாரிக்கு 8,500 ரூபாய், பாசனப் பயிருக்கு 17,000, பல்லாண்டுப் பயிருக்கு 22,500. ஒருவருக்கு அதிகபட்சம் 2 எக்டர். இது பலருக்கும் தெரியும்.

தெரியாத தலைப்புகள் இரண்டு. நிலத்தில் மூன்று அங்குலத்துக்கு மேல் மணல், வண்டல் படிந்தாலோ, மலைப்பகுதி நிலத்தில் இடிபாடு வந்து குவிந்தாலோ, அதை அகற்ற எக்டருக்கு 18,000 ரூபாய். நிலச்சரிவாலோ ஆறு திசைமாறியதாலோ நிலத்தின் பெரும்பகுதியே போய்விட்டால், சிறு குறு விவசாயிக்கு எக்டருக்கு 47,000. மனுவில் 'பயிர் சேதம்' என்று மட்டும் எழுதினால் இந்த இரண்டும் கணக்கில் வராது. 'நிலச் சேதம்' என்று தனியாக எழுதுங்கள். மேல்மண் மட்டும் உரிந்துபோன நிலத்துக்கு எந்தத் தலைப்பும் கிடையாது. இயக்கங்கள் கேட்டு வாங்க வேண்டிய இடம் இது.

பயிர்க்கடன் இருந்தால் வங்கிக்கு நீங்களே போங்கள். ரிசர்வ் வங்கியின் 2018 வழிகாட்டுதல்படி, இழப்பு 33 முதல் 50 சதவீதம் என்றால் கடனைத் திருப்பிக் கட்ட 2 ஆண்டு வரையும், 50க்கு மேல் என்றால் 5 ஆண்டு வரையும் நீட்டிக்கலாம். முதல் ஓராண்டு தவணைக்கு விலக்கும் இதில் அடக்கம். பேரிடர் அறிவித்த மூன்று மாதத்துக்குள் இது நடந்தாக வேண்டும். இது தள்ளுபடி இல்லை, வட்டி ஓடும். ஆனால் கடன் வாராக்கடன் ஆகாது; அடுத்த வெள்ளாமைக்குப் புதுக்கடன் வாங்க வழி இருக்கும்.

மலையில் பெரிய சிக்கல் பட்டா. தாத்தா பேரில் கூட்டுப்பட்டா, உழுவது பேரன். வெள்ளம் வந்த பிறகு இதைச் சரிசெய்ய ஓடினால் காலக்கெடு முடிந்துவிடும். வெயில் காலத்திலேயே பேர் மாற்றி, அடங்கலில் பயிரை ஏற்றி வையுங்கள். மழைக்கு முன் தோட்டத்தை நாலு பக்கமும் படம் எடுத்து வைத்திருந்தால், பின்னால் எடுக்கிற படத்துக்கு மதிப்பு கூடும். கிராம நிர்வாக அலுவலரிடமும் தோட்டக்கலைத் துறையிலும் எழுத்தாகக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.

மண் கணக்கு

மழை விட்டதும் தோட்டத்தில் முதல் வேலை, அடைபட்ட ஓடைகளைத் திறந்துவிடுவது. ஈரமண்ணை மிதிக்காதீர்கள், உழவும் வேண்டாம். சரிவில் ஏர் போட்டால் மிச்சமிருப்பதும் அடுத்த மழையில் போய்விடும்.

சாய்ந்த நிழல்மரம் எல்லாவற்றையும் விறகுக்கு விற்றுவிடாதீர்கள். கிளைகளையும் நடுத்தர மரங்களையும் சரிவுக்குக் குறுக்கே படுக்கப்போட்டு, முளை அடித்து நிறுத்துங்கள். அதன் மேற்புறம் சருகும் மண்ணும் தங்கி, தானாக ஒரு வரப்பு உருவாகும்.

வேர் வெளியே தெரிகிற காப்பிக்கும் மிளகுக்கும் உடனே மண்ணும் மட்கிய தொழுவுரமும் அணையுங்கள். நீர் தேங்கிய மிளகில் வாடல் நோய் வேகமாகப் பரவும். வடிகால் எடுத்துவிட்டு, டிரைக்கோடெர்மா கலந்த தொழுவுரத்தைத் தூரில் போடுங்கள். சாய்ந்த வாழையை வெட்டி, ஒரு பக்கக்கன்றை மட்டும் விடுங்கள்.

வெறுமையான இடங்களில் கொள்ளு, தட்டைப்பயறு, சணப்பு, உளுந்து, சாமை என்று கிடைக்கிற விதைகளைக் கலந்து தூவுங்கள். பூக்கும் பருவத்தில் அறுத்து அங்கேயே மூடாக்காகப் போடலாம். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு நாகைக் கடலோரத்தில் உப்பேறிய வயல்களை நம்மாழ்வார் அய்யாவும் உழவர்களும் மீட்டதில் தக்கைப்பூண்டு போன்ற பசுந்தாள் பயிர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. மலைக்கும் அதே பாடம்தான், உழவு மட்டும் கிடையாது.

நிரந்தர வேலை சமமட்ட வரப்பு. இதற்கு என்ஜினியர் வேண்டாம். ஆறடிக் கம்பு இரண்டை உச்சியில் கட்டி, நடுவில் குறுக்குக் கம்பு வைத்து, உச்சியிலிருந்து ஒரு கல்லை நூலில் தொங்கவிடுங்கள். நூல் குறுக்குக் கம்பைத் தொடுகிற இடத்தில் ஒரு கோடு. கால்களை இடம் மாற்றி வைத்து இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுவே உள்ள புள்ளிதான் சமமட்டம். நூல் அந்தப் புள்ளியில் நிற்கிற மாதிரி ஒவ்வொரு காலாகச் சரிவில் நகர்த்திக் குச்சி நட்டுக்கொண்டே போனால் சமமட்டக் கோடு கிடைக்கும். அதில் வெட்டிவேரை அரையடிக்கு ஒரு தூராக நெருக்கி நடுங்கள். வேர் பத்தடி ஆழம்கூட இறங்கும். எலுமிச்சைப்புல்லும் மண்ணைப் பிடிக்கும்.

ஊர்க் கணக்கு

2020 ஆகஸ்ட் 6 இரவு, எங்கள் மலைக்கு மேற்கே மூணாறு பெட்டிமுடியில் தேயிலைத் தொழிலாளர் வீடுகள் மேல் மலை சரிந்தது. 70 பேரைப் பறிகொடுத்தோம். பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்கள். கரண்டும் இல்லை, செல்போனும் இல்லை. வெளியே சேதி போகவே விடிந்துவிட்டது. கொடைக்கானல் மலையிலேயே வெள்ளகவி ஊராட்சியின் சின்னூர், பெரியூர் மக்களுக்கு ஆற்றில் வெள்ளம் வந்தால் வழியே கிடையாது. நோயாளியை டோலி கட்டித்தான் பெரியகுளத்துக்குத் தூக்கிவர வேண்டும்.

ஆகவே ஒவ்வொரு ஊரும் ஐப்பசிக்கு முன்னால் கூடிப் பேசணும். மேட்டில் எந்த வீடு பாதுகாப்பு, வயசானவர்களை யார் அழைத்துவருவது, விதையை எந்த இரண்டு வீட்டில் பிரித்துவைப்பது, மரம் அறுக்கிற மிஷின் யாரிடம் இருக்கிறது என்று பேர் எழுதி வையுங்கள். சரிவில் புது வெடிப்பு, சாய்கிற மரம், திடீரென்று கலங்கி வருகிற ஊற்று, இந்த மூன்றில் ஒன்றைப் பார்த்தாலும் அன்றிரவு அந்த வீட்டில் படுக்கக் கூடாது.

சமமட்டக் கோடு போட ஒரு ஏக்கருக்கு இரண்டு ஆள் ஒரு நாள் போதும். வெட்டிவேர் நடத் தென்மேற்குப் பருவத்தின் சாரல் நல்ல காலம். ஆடியில் நட்டால், ஐப்பசி அடைமழைக்குள் தூர் கட்டியிருக்கும்.