அலை கற்பிக்கும் பாடம்

அரியாங்குப்பம் மாதா கோயிலைக் கடந்து தெற்கே சென்று, தவளக்குப்பத்தில் கிழக்கே திரும்பினால், கடலோரத்தில் நல்லவாடு. மீனவர் வாழும் சிற்றூர். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள், திருக்குடும்பத் திருவிழா ஞாயிறன்று, ஆழிப்பேரலை இவ்வூரையும் தாக்கிற்று. வீடுகள் இடிந்தன, படகுகள் சிதைந்தன. ஆயினும் மக்கள் உயிர் பிழைத்தனர். சிங்கப்பூரில் வேலை பார்த்த இவ்வூர் இளைஞர் ஒருவர் பேரலைச் செய்தியை அறிந்ததும் தொலைபேசியில் வீட்டாரை எச்சரித்தார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்திருந்த கிராம அறிவு மையத்தின் ஒலிபெருக்கி அச்செய்தியை ஊர் முழுவதற்கும் முழங்கிற்று. மக்கள் கரையை விட்டு ஓடினர்.

அதே நாள் காலையில், தாய்லாந்தின் புக்கெட் தீவுக் கடற்கரையில், டில்லி ஸ்மித் என்னும் பத்து வயது ஆங்கிலேயச் சிறுமி பெற்றோருடன் உலாவிக்கொண்டிருந்தாள். கடல்நீர் வழக்கத்துக்கு மாறாக நுரைத்துக் கொந்தளிப்பதைக் கண்டாள். இரண்டு வாரங்களுக்கு முன் வகுப்பில் ஆசிரியர் நடத்திய பூகோளப் பாடம் அவள் நினைவுக்கு வந்தது. பேரலை வருகிறது என்று கூவினாள். கரையிலிருந்த நூறு பேர் அளவில் தப்பினர்.

நல்லவாட்டைக் காத்தது ஒரு தொலைபேசி அழைப்பு. புக்கெட் கரையைக் காத்தது ஒரு பள்ளிப் பாடம். 2007 முதல் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் இயங்கி வருகிறது. அது பெரும் ஆறுதலே. எனினும் அலையின் இயல்பை அறிந்த பிள்ளைகள் கரையோரக் குடும்பம் ஒவ்வொன்றிலும் இருத்தல் வேண்டும் என்பதே நம் கருத்து.

இதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. மீனை ஐசுடன் அடுக்கும் தெர்மோகோல் பெட்டி ஒன்று போதும். அதில் ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் ஊற்றி, ஒரு முனையைச் சற்றே தூக்கி, மெல்லக் கீழே விடுக. அலை ஒன்று எதிர்முனைக்கு ஓடி, மோதித் திரும்பும். அது நான்கு முறை குறுக்கே ஓட எத்தனை விநாடி ஆகிறதென்று பிள்ளைகள் கடிகாரம் பார்த்துக் குறித்துக்கொள்ளட்டும். அறுபது சென்டிமீட்டர் நீளமுள்ள பெட்டியாயின் ஏறத்தாழ எட்டு விநாடி ஆகும். பின்னர் நீரை நான்கு சென்டிமீட்டராக உயர்த்தினால், அதே ஓட்டம் நான்கு விநாடியில் முடிந்துவிடும். ஆழம் நான்கு மடங்கானால் வேகம் இரு மடங்காகும் என்னும் விதியைப் பிள்ளை தன் கண்ணாலேயே கண்டுவிடுகிறது! அதே கணக்கின்படி, 4,000 மீட்டர் ஆழமுள்ள நடுக்கடலில் பேரலை மணிக்கு ஏறத்தாழ 700 கிலோமீட்டர் வேகத்தில் பாயும். கரையருகே 10 மீட்டர் ஆழத்தில் அவ்வேகம் 36 கிலோமீட்டராகக் குறையும். முன்னே செல்லும் நீர் தயங்க, பின்னே வருவது அதன்மேல் ஏறுகிறது. அலை உயர்வது இதனாலேயே.

இங்கே மற்றொன்றையும் ஆசிரியர் கட்டாயம் கூற வேண்டும். 'கடல் உள்வாங்கினால் ஓடு' என்று இன்று எல்லாரும் சொல்கின்றனர். 2004-இல் கடல் முதலில் உள்வாங்கியது தாய்லாந்துப் பக்கத்தில். கடலடித் தளம் மேற்கில் உயர்ந்து, கிழக்கில் தாழ்ந்தமையால், நம் பக்கத்துக்கு முதலில் வந்தது ஏறும் அலையே. ஆகவே, கடல் உள்வாங்குகிறதா என்று பார்த்து நிற்பவன் ஏமாந்து போவான். மேலும், அன்று அதிகாலை 6.29-க்கு நிலம் நடுங்கிய பின் அலை நம் கரையைச் சேர இரண்டு மணி நேரத்துக்கு மேலாயிற்று. தூரத்தையும் வேகத்தையும் கொண்டு இதனை எட்டாம் வகுப்பு மாணவனே கணக்கிட்டுவிடலாம்.

காற்றுப் பாடமும் இவ்வாறே. ஒரு கிண்ணத்தில் மணலையும் மற்றொன்றில் நீரையும் வெயிலில் வைத்து, ஒரு மணி நேரம் சென்றபின் தொட்டுப் பார்த்தாலே, பகலில் கடலிலிருந்து கரைக்குக் காற்று வீசுவதன் காரணம் விளங்கும். அதன்பின் முதிய மீனவர் ஒருவரை வகுப்புக்கு அழைத்து, கொண்டல், வாடை, கச்சான் ஆகியவற்றை அவர் எவ்வாறு இனம் காண்கிறார் என்று கேட்கச் செய்யலாம். தன் பாட்டனார் ஆசிரியரின் நாற்காலியில் அமர்ந்திருப்பதைக் காணும் பேரன், அப்பாடத்தை எளிதில் மறப்பானா?

இந்த முறை நம் நாட்டுக்குப் புதிதன்று. 1972-இல் மத்தியப் பிரதேசத்தின் ஓசங்காபாத் மாவட்டத்தில், 16 நடுநிலைப் பள்ளிகளில், பிள்ளைகள் செய்து கற்கும் விஞ்ஞானத் திட்டம் தொடங்கப்பட்டது. தீக்குச்சியும் சைக்கிள் வால்வு ரப்பரும் கொண்டு கணித உருவங்கள் அமைக்கும் அரவிந்த் குப்தாவின் கலை அங்கேதான் முளைத்தது. 2002-இல் அரசு அத்திட்டத்தை நிறுத்திவிட்டது வருந்தத்தக்கதே. தமிழில், தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் புதுவை அறிவியல் இயக்கமும் 1987-இல் தொடங்கிய 'துளிர்' இதழ் இத்தகைய சோதனைகளைச் சிறுவருக்கேற்ற நடையில் தந்துள்ளது. நம் பங்கு நூலகங்களில் அதன் இதழ்த் தொகுப்புகளுக்கு ஓர் அலமாரித் தட்டு ஒதுக்கினால் என்ன?

ஆசிரியர்மீது முழுப் பழியையும் சுமத்துவதற்கில்லை. பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்றால், "பாடம் நடத்தாமல் விளையாட விடுகிறார்" என்று முறையிடுவோர் பெற்றோராகிய நாமே. மதிப்பெண் அட்டையைத் தவிர வேறெதையும் கேட்டறியாத வீட்டில், சோதனை செய்து பார்க்கும் ஆசை எவ்வளவு காலம் உயிர்த்திருக்கும்?

நம் மறைப்பணியாளர்கள் இப்படி நினைத்தவர்கள் அல்லர். 1689 டிசம்பரில், சேசு சபைக் குருவாகிய ழான் ரிஷோ அடிகளார், வால்மீன் ஒன்றைக் காணப் புதுவையிலிருந்து தொலைநோக்கியைத் திருப்பியபோது, ஆல்பா சென்டாரி என்னும் விண்மீன் ஒன்றல்ல, இரண்டு என்று கண்டறிந்தார். அவ்விண்மீனை மே மாதத்து முன்னிரவில், நல்லவாட்டு மணலில் நின்று தெற்கே நோக்கினால், அடிவானத்துக்குச் சற்று மேலே இன்றும் காணலாம். வெறுங்கண்ணுக்கு ஒன்றாகவே தோன்றும். இரண்டாகக் காண ஒரு சிறு தொலைநோக்கி வேண்டும். மே மாதம் பள்ளி விடுமுறை; பிள்ளைகளுடன் பெற்றோரும் போகலாம்.