கையொப்பமில்லாத கடலோவியம்: காலமும் இடமும் அறிவது எங்ஙனம்?

கோத்தா திங்கி என்றதும் ஜோகூர் ஆறும் நீர்வீழ்ச்சியும் பழைய சுல்தான்களின் கல்லறைகளும் நினைவுக்கு வருமேயன்றிக் கடல் நினைவுக்கு வருவதில்லை. நகரம் ஆற்றங்கரையில் உள்தள்ளி அமைந்ததே அதற்குக் காரணம். ஆயினும் அம்மாவட்டத்திற்குக் கிழக்கேயும் தெற்கேயும் இருப்பது கடலே. அதன் தென்கிழக்குக் கரையிலிருந்து ஏறக்குறைய 14 கிலோமீட்டர் தொலைவில் பத்து பூத்தே என்னும் பாறைத்தீவு நிற்கிறது. போர்த்துக்கீசியர் அதற்கு இட்ட பெட்ரா பிராங்கா என்னும் பெயருக்கும் வெள்ளைப் பாறை என்பதே பொருள். கடற்பறவைகளின் எச்சம் படிந்து வெளுத்ததால் வந்த பெயர் அது.

பழைய தோட்டத்துப் பங்களா ஒன்றிலிருந்து, இப்படியொரு பாறையும் அதன்மேல் கலங்கரை விளக்கமும் தீட்டிய ஓவியம் நம் கைக்கு வருகிறது என்று கொள்வோம். கையொப்பமில்லை, ஆண்டு இல்லை, தீட்டியவர் கைதேர்ந்த கலைஞர் அல்லர் என்பதும் பார்த்தவுடனே தெரிகிறது. இது எங்கே, எப்போது தீட்டப்பெற்றது?

ஒப்புநோக்க நமக்கு ஒருவர் கிடைத்திருக்கிறார். அவர் ஜான் டர்ன்புல் தாம்சன். ஓவியம் அவருக்குப் பொழுதுபோக்கு. தொழில் நில அளவை. 1821-இல் இங்கிலாந்தின் வடபகுதியில் பிறந்து, 1838-இல் பினாங்கிற்கு வந்து, 1841-இல் சிங்கப்பூரின் அரசாங்க நில அளவையாளரானார். முன்ஷி அப்துல்லாவிடம் மலாய் பயின்றவர். அந்த முன்ஷி அரபு வழியும் தமிழ் வழியும் கலந்த குடும்பத்தினர் என்பது நம்மவர் அறிந்து மகிழத்தக்க செய்தி. கிழக்கிந்தியக் கம்பெனியின் கடற்பட வல்லுநரான ஜேம்ஸ் ஹார்ஸ்பர்கின் பெயரால் அப்பாறைமேல் விளக்கம் கட்டியவர் தாம்சனே. 1850 மே 24-இல் அடிக்கல் நாட்டப்பெற்றது. 1851 அக்டோபரில் விளக்கு எரியத் தொடங்கியது. அவ்வாண்டிலேயே அதனை நீர்வண்ணத்தில் தீட்டினார். 1853-இல் சிங்கப்பூரை விட்டு நீங்கி, 1856-இல் நியூசிலாந்தில் குடியேறியதால், அவருடைய ஓவியங்கள் டுனெடின் நகரத்து ஹாக்கன் நூலகத்தில் இருக்கின்றன. ஜோகூர்க் கடல் டுனெடினில் இருக்குமானால், வேறெந்த நாட்டுக் கடலோ நம் பங்களாச் சுவரில் தொங்கவும் கூடும் அன்றோ? கிடைத்த இடம் வேறு, பிறந்த இடம் வேறு.

படத்தில் உள்ள பொருள்களைக் காண்போம். பாறைமேல் கோபுரம் முழுமையாக இருந்தால் ஓவியம் 1851-க்கு முற்பட்டதன்று. அவ்வளவே சொல்லலாம். அந்தக் கோபுரம் இன்றும் நிற்கிறது. நேற்றுத் தீட்டியவர் படத்திலும் அது இருக்கும். பாய்மரக் கப்பல்கள் மட்டும் இருப்பதால் பழமை என்று துணிவதும் தவறு. 1845-லேயே அஞ்சல் நீராவிக் கப்பல் சிங்கப்பூருக்கு வந்துவிட்டது. அதற்குப் பின்னும் பல்லாண்டுகள் பாய்மரங்கள் ஓடின. அன்றியும், பொழுதுபோக்காகத் தீட்டுவோர் நூல்களிலும் அஞ்சலட்டைகளிலும் வந்த படங்களைப் பார்த்து வரைவது வழக்கம். கடலையே காணாமல் கடல் தீட்டியவர் பலர்.

ஆகவே வண்ணத்தைக் கேட்க வேண்டும். கடலோவியத்தில் நீலம் மிகுதியாதலால் ஆராய்வார்க்கு அதுவே நல்ல சாட்சி. பிரஷ்ய நீலம் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் தோன்றியது. கோபால்ட் நீலத்தை 1802-இல் பிரெஞ்சு வேதியியலார் தெனார் உருவாக்கினார். விலையுயர்ந்த நீலக்கல்லை அரைத்துச் செய்த அல்ட்ராமரீன், 1820-களின் இறுதியில் செயற்கையாகச் செய்யப்பெற்று மலிந்தது. தாலோ நீலம் 1930-களின் நடுவில்தான் கடைக்கு வந்தது. அலைநுரையின் வெள்ளையும் பேசும்: நீர்வண்ணத்துக்கான துத்தநாக வெள்ளை 1834-இல் வந்தது, டைட்டானிய வெள்ளை முதல் உலகப் போருக்குப் பின்னரே பரவியது. நம் படத்தின் நுரையில் டைட்டானியம் இருக்குமானால் அது தாம்சன் காலத்ததன்று. அல்லது பிற்காலத்தார் எவரோ அவ்விடத்தைப் பழுதுபார்த்திருக்கிறார். இவ்விரண்டில் எதுவென்று அறிய, ஓரிடத்தில் மட்டுமன்றிப் பல இடங்களிலும் சோதிக்க வேண்டும்.

காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதற்குச் செலவே இல்லை. வாட்மன் முதலிய ஆங்கிலக் காகிதங்களில் 1794 முதல் ஆண்டும் நீர்க்குறியாகப் பதிந்து வரலாயிற்று. அது காகிதம் செய்த ஆண்டே, தீட்டிய ஆண்டன்று. கப்பலேறி இக்கரைக்கு வந்து, அலமாரியில் கிடந்து, பின்னர் தூரிகை பட்டிருக்கும். ஆதலால் சில ஆண்டுகள் தள்ளியே கணக்கிட வேண்டும்.

இதற்கு இத்துணை முயற்சி எதற்கு என்று கேட்பாருண்டு. பெங்கராங்கில் 2010-களில் பெரிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு வளாகம் எழுந்தது. ஊர்கள் இடம்பெயர்ந்தன; கரையின் தோற்றமே மாறிற்று. புகைப்படக் கருவி வருமுன் அக்கரை எவ்வாறிருந்தது என்று அறிய, அளவையாளரும் மாலுமியும் தீட்டிய படங்களே பெருந்துணை. இத்தகையோர் படத்தில் மேகம் மரக்கட்டைபோல் இருக்கலாம். ஆனால் கரையின் வளைவைக் கூட்டிக் குறைக்க அவர்கள் கை எளிதில் இசையாது. என் கருத்தில், அழகிய பொய்யினும் இந்த அழகற்ற உண்மையே ஆராய்ச்சிக்கு வேண்டுவது. ஆனால் காலம் தெரியாத படத்தில் உள்ள கரை எந்த ஆண்டின் கரை என்று எவரால் சொல்ல முடியும்?

இத்தகைய படம் வீட்டில் இருப்பின், ஈரத்துணியால் துடைக்க வேண்டா; புதுச் சட்டமும் போட வேண்டா. பழைய சட்டக்காரரின் சீட்டு, துருவேறிய ஆணி, பென்சில் கிறுக்கல் ஆகியவை இருப்பது பின்பக்கத்தில்தான். கடைக்காரர் முதலில் கழற்றி எறிவதும் அதைத்தான்.