2,700 கப்பல்களில் மிச்சம் ஒன்றே ஒன்று! மேசை மேல் உயிர்பெறும் திமிங்கில வேட்டைக் கப்பல்கள்

மேசை மீது ஒரு குட்டிக் கப்பல். நீளம் அரை மீட்டரைக் கொஞ்சம் தாண்டும். மூன்று பாய்மரங்கள், வலை பின்னியதுபோல நூல் கயிறுகள், பக்கவாட்டில் தொங்கும் சின்னச் சின்னப் படகுகள். உற்றுப் பார்த்தால், மேல்தளத்தில் தீப்பெட்டி அளவில் ஒரு செங்கல் அடுப்பு!

மரக்கப்பலில் செங்கல் அடுப்பா? இந்த ஓர் அடுப்பை வைத்தே இது சரக்குக் கப்பல் இல்லை, திமிங்கில வேட்டைக் கப்பல் என்று சொல்லிவிடலாம். பிடித்த திமிங்கிலத்தின் கொழுப்பை வெட்டி, கப்பலிலேயே பெரிய இரும்புக் கொப்பரைகளில் போட்டு உருக்கி, எண்ணெயாகப் பீப்பாய்களில் அடைத்துக்கொண்டு திரும்பிய கப்பல்கள் இவை. 19-ம் நூற்றாண்டில் அமெரிக்காவின் வீடுகளிலும் வீதிகளிலும் எரிந்த பல விளக்குகளுக்கு எண்ணெய் இப்படித்தான் வந்தது.

அமெரிக்காவில் இப்படி 2,700-க்கும் மேற்பட்ட வேட்டைக் கப்பல்கள் இருந்தன. இன்று மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்று. அதனால்தான் மாடல் செய்பவர்களின் வேலைக்கு இவ்வளவு மதிப்பு. கடலில் இல்லாத கப்பல்களை இப்போது மேசை மேல்தான் பார்க்க முடிகிறது.

தப்பிப் பிழைத்த ஒரே கப்பல்

அந்த ஒரே கப்பலின் பெயர் சார்லஸ் டபிள்யூ. மார்கன். 1841-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நியூ பெட்ஃபோர்டில் கட்டப்பட்டது. அதே வருடம் அதே துறைமுகப் பகுதியிலிருந்து வேறொரு வேட்டைக் கப்பலில் மாலுமியாகப் புறப்பட்ட இளைஞர் ஹெர்மன் மெல்வில், பின்னாளில் 'மோபி டிக்' நாவலை எழுதினார்.

மார்கன் 80 வருடங்களில் 37 முறை வேட்டைக்குப் போய் வந்தது. 1921-ல் ஓய்வு. 1941-லிருந்து கனெக்டிகட் மாநிலத்தின் மிஸ்டிக் சீபோர்ட் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. மாடல் கலைஞர்களுக்கு இதுதான் பாடப்புத்தகம். சந்தேகம் வந்தால் நேரில் போய்த் தொட்டுப் பார்க்க இந்த ஒரு கப்பல்தானே இருக்கிறது!

மூன்று சென்டிமீட்டர் மாலுமி

மார்கன் மாடல்களில் பரவலாகச் செய்யப்படும் அளவு 1:64. நிஜக் கப்பலின் 64 அடி, மாடலில் ஓர் அடி. இந்தக் கணக்கில் ஆறடி மாலுமியின் உயரம் மூன்று சென்டிமீட்டருக்கும் குறைவு. ஒரு மில்லிமீட்டர் பிசகினால், நிஜத்தில் அது ஆறு சென்டிமீட்டருக்கும் மேல் பிசகியதாக அர்த்தம்.

முதலில் வரைபடம். அதைப் பார்த்து அடிக்கட்டையும், அதன் மேல் மீன்முள்போல வரிசையாகக் குறுக்குச் சட்டங்களும் நிற்க வைக்கப்படுகின்றன. அவற்றின் மேல் மெல்லிய மரப்பட்டைகளை ஒவ்வொன்றாக ஒட்ட வேண்டும். கப்பலின் மூக்குப் பகுதியில் மரம் வளைய வேண்டுமே? பட்டையைத் தண்ணீரில் ஊற வைத்து, சூடு காட்டி, மெதுவாக வளைக்கிறார்கள். அவசரப்பட்டால் படக்கென்று முறிந்துவிடும்.

அடுத்தது செம்பு. வெப்பக் கடல்களில் மரத்தைத் துளைத்துத் தின்னும் ஒருவகை உயிரினம் உண்டு. அதைத் தடுக்க, நிஜக் கப்பலின் அடிப்பாகம் முழுக்கச் செம்புத் தகடு அடித்தார்கள். மாடலிலும் அப்படியே. சுமார் இரண்டு சென்டிமீட்டர் நீளமுள்ள தகடுகள் நூற்றுக்கணக்கில் வெட்டி, வரிசை தப்பாமல் ஒட்ட வேண்டும்.

பொறுமைக்கு நிஜமான பரீட்சை கயிறு கட்டும்போதுதான். பாய்மரத்தில் ஏற மாலுமிகள் பயன்படுத்திய கயிற்று ஏணிகளில் மட்டும் நூற்றுக்கணக்கான முடிச்சுகள். பூ கட்டுவதைப்போல ஒவ்வொன்றும் ஒரே இறுக்கத்தில் விழ வேண்டும். ஒன்று இறுகினாலும் பக்கத்துக் கயிறு கோணிக்கொள்ளும். நூலில் பிசிறு தெரியாமல் இருக்கத் தேன்மெழுகு தடவுவார்கள். இப்படி ஒரு கப்பலை முடிக்க மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில்கூட ஆகும்.

இடது பக்கம் படகு, வலது பக்கம் காலியிடம்

இந்த மாடல்களில் முதல் பார்வையில் குறைபோலத் தெரியும் விஷயம் ஒன்று உண்டு. இடது பக்கம் வரிசையாகப் படகுகள் தொங்கும். வலது பக்கத்தின் நடுவே காலியாக இருக்கும். செய்தவர் மறந்துவிடவில்லை. கொன்ற திமிங்கிலத்தை வலது பக்கத்தில் கட்டித்தான் கொழுப்பை உரித்தார்கள். அந்த இடத்தில் படகு இருந்தால் இடைஞ்சல்.

படகுகளுக்கு முன்னும் பின்னும் ஒரேபோலக் கூர்முனை. ஆறு பேர் துடுப்போடு கிளம்பி, எறியீட்டி பாய்ந்த திமிங்கிலம் திமிறும்போது சட்டென்று பின்னால் நகர வேண்டியிருந்தது. பாய்மர உச்சியில் இருக்கும் இரும்பு வளையங்கள், மணிக்கணக்கில் நின்று கடலை நோட்டமிட்ட காவலாளிகளுக்கான பிடிமானம். செங்கல் அடுப்புக்கு அடியில் தண்ணீர்த் தொட்டி. மரத்தளம் தீப்பிடிக்காமல் இருக்கத்தான்.

கட்டடத்துக்குள் ஒரு கப்பல்

'மாடல்' என்றதும் கண்ணாடிப் பெட்டிக்குள் அடங்குவது என்றுதானே நினைக்கிறோம்? நியூ பெட்ஃபோர்டு திமிங்கில வேட்டை அருங்காட்சியகத்தில் இருக்கும் 'லகோடா'வின் நீளம் 89 அடி! நிஜக் கப்பலில் சரிபாதி. பார்வையாளர்கள் அதில் ஏறியே பார்க்கலாம். உலகின் மிகப்பெரிய கப்பல் மாடல் என்று இதைச் சொல்கிறார்கள்.

இதற்குப் பின்னால் ஒரு மகளின் பாசம் இருக்கிறது. லகோடா, ஜோனதன் போர்ன் என்ற கப்பல் முதலாளியுடையது. அவர் மகள் எமிலி போர்ன், அப்பாவின் நினைவாக இந்த மாடலுக்கும், அதை வைக்கும் கட்டடத்துக்கும் பணம் கொடுத்தார். 1916-ல் வேலை முடிந்தது. நியூ பெட்ஃபோர்டில் வேட்டைத் தொழில் கடைசி மூச்சு விட்டுக்கொண்டிருந்த காலம் அது. இன்று நிஜ லகோடா இல்லை. மகள் கட்டிய பாதி லகோடா இருக்கிறது.

அழகாகச் செய்வது சரியா?

இந்த இடத்தில் ஒரு கேள்வி வரும். அத்தனை திமிங்கிலங்களைக் கொன்ற கப்பலை எதற்கு இவ்வளவு ஆசையாகச் செய்ய வேண்டும்?

நியாயமான கேள்விதான். வணிகத்துக்காகத் திமிங்கிலங்களைக் கொல்வதை நிறுத்த சர்வதேச திமிங்கில ஆணையம் 1982-ல் முடிவெடுக்கும் அளவுக்கு, பல இனங்கள் அழிவின் விளிம்புக்குத் தள்ளப்பட்டிருந்தன.

லகோடா இருக்கும் அதே அருங்காட்சியகத்தில், ஒரு நீலத் திமிங்கிலத்தின் எலும்புக்கூடும் தொங்குகிறது. 1998-ல் கப்பல் மோதி இறந்த 66 அடி நீளக் குட்டி அது. காட்சிக்கு வைத்துப் பல வருடங்கள் ஆன பிறகும் அதன் எலும்புகளிலிருந்து எண்ணெய் கசிந்துகொண்டிருந்தது. கப்பலைப் பார்த்து வியக்கும் கண், இதையும் பார்க்காமல் வெளியே போக முடியாது.

மாடலும் அப்படித்தான். பாய்களையும் கயிறுகளையும் மட்டும் செய்துவிட்டு, அடுப்பையும் எறியீட்டிகளையும் விட்டுவிட்டால் அது வெறும் அழகுப் பொம்மை. எல்லாவற்றையும் உள்ளபடி செய்தால் அது சாட்சி. மனிதர்களின் திறமை, துணிச்சல், பேராசை மூன்றும் அந்த அரை மீட்டருக்குள் இருக்கும்.

மார்கன் கப்பலுக்கு வருவோம். பல வருடப் பழுதுபார்ப்புக்குப் பிறகு, 2014-ல் அது 38-வது முறையாகக் கடலுக்குப் போனது. மாசசூசெட்ஸ் கரைக்கு அப்பால், திமிங்கிலங்களுக்கான பாதுகாக்கப்பட்ட கடல் பகுதியில் மீண்டும் திமிங்கிலங்களைச் சந்தித்தது. இந்த முறை யார் கையிலும் எறியீட்டி இல்லை. அடுப்பு பற்றவைக்கப்படவில்லை. எல்லோரும் சும்மா நின்று பார்த்தார்கள்.