கடலே கல்லறையானோர்

நவம்பர் 2-ஆம் நாள் நாம் கல்லறைத் தோட்டத்தில் மெழுகுவர்த்தி ஏற்றி மரித்தோருக்காகச் செபிக்கிறோம். கடலுக்குச் சென்று திரும்பாதோருக்குக் கல்லறையே இல்லை. நம் கடற்கரைப் பங்குகள் நன்கறிந்த துயரம் இது.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனுக்கு உணவும் எண்ணெயும் கொண்டுசென்ற வாணிகக் கப்பல்களை ஜெர்மானிய நீர்மூழ்கிகள் வேட்டையாடின. பிரிட்டிஷ் வாணிகக் கப்பல்களில் உழைத்தோருள் ஏறக்குறைய நால்வரில் ஒருவர், ‘லஸ்கர்’ எனப்பட்ட நம் துணைக்கண்டத்து ஏழைத் தொழிலாளர். சில்ஹெட் முஸ்லிம்களும் கோவாக் கத்தோலிக்கரும் அவர்களுள் இருந்தனர். அபாயம் அனைவருக்கும் ஒன்றே. ஊதியமோ வெள்ளையர் பெற்றதில் ஒரு சிறு பங்கே.

1940 செப்டம்பர் 13 அன்று ‘சிட்டி ஆஃப் பெனாரஸ்’ என்னும் கப்பல் லிவர்ப்பூலிலிருந்து கனடாவுக்குப் புறப்பட்டது. குண்டுவீச்சினின்று காப்பதற்காக அனுப்பப்பட்ட 90 சிறுவர் சிறுமியர் அதில் இருந்தனர். 17-ஆம் நாள் இரவு, கொந்தளித்த அட்லாண்டிக்கில், யு-48 என்னும் நீர்மூழ்கி அதனைத் தாக்கி மூழ்கடித்தது. அக்குழந்தைகளுள் 77 பேர் மாண்டனர். கப்பல் பணியாளருள் சுமார் 120 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் இந்தியர். மெல்லிய ஆடையுடன் வடகடலின் குளிரை எவ்வாறு தாங்குவர்?

ஓர் உயிர்காப்புப் படகு மட்டும் எட்டு நாள் அலைந்தது. ஆறு சிறுவர், அவர்களைப் பேணிய இசையாசிரியை ஒருவர், அருட்தந்தை ஓசல்லிவன், முப்பதுக்கு மேற்பட்ட இந்தியர் உட்பட 46 பேர் அதில் இருந்தனர். சிறிதளவு உணவும் ஒரு வாய்த் தண்ணீருமே ஆகாரம். 25-ஆம் நாள் ஒரு விமானம் அவர்களைக் கண்டது. போர்க்கப்பல் ஒன்று விரைந்து வந்து மீட்டது.

குழந்தைகளின் கதையை உலகம் இன்றும் கண்ணீருடன் கூறுகிறது, அது தகும். உடன் மாண்ட இந்தியரையோ பலரும் அறியார். லண்டன் டவர் ஹில்லில், கடலையன்றி வேறு கல்லறையற்ற ஏறக்குறைய 24,000 பேரின் பெயர்கள், இரண்டாம் உலகப் போரின் நினைவாக வெண்கலத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. பிரிக்கப்படாத இந்தியாவின் கடற்படையிலும் வாணிகக் கப்பல்களிலும் மாண்ட 6,000-க்கு மேற்பட்டோரின் பெயர்களோ மும்பைக் கடலோடிகள் இல்லத்தில் ஒரு நூலில் உள்ளன. அதன் பிரதி சிட்டகாங்கில் உள்ளது. அந்நூலைப் புரட்டுவோர் எத்தனை பேர்? ஆயினும், அதிலுள்ள ஒவ்வொரு பெயருக்காகவும் ஏதோ ஒரு குடிசையில் ஒரு தாய் வாசலைப் பார்த்துக் காத்திருந்தாள்.

ஆண்டவர் அவர்கள் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அறிவார். நாமும் இவ்வாண்டு அவர்களுக்காக ஒரு மெழுகுவர்த்தி அதிகமாக ஏற்றுவோம்.