'ஆர்' ஈறு யாருக்கு உரியது?

உயர்திணையை ஆண்பால், பெண்பால், பலர்பால் எனத் தமிழ் இலக்கணம் மூன்றாகப் பகுத்தது. ஒருவரைப் பன்மையால் குறிப்பது வழக்கில் வந்த உயர்வுச் சொல்லேயன்றி இலக்கண நெறியன்று என்று தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் வரையறுக்கிறார். அவர் வாயிலில் நிறுத்திய அவ்வழக்கு இன்று கூடத்தின் நடுவே அமர்ந்துவிட்டது. 'வந்தார்' என்னும் வினை, வந்தவரை மதிக்கிறது. அவர் ஆணா பெண்ணா என்று சொல்வதில்லை. பால்பொதுச் சொற்களைத் தேடி அலையும் மொழிகள் பல இருக்க, நமக்கு அது முன்னரே வாய்த்திருக்கிறது.

ஆயின் அதனை யாருக்கு வழங்குகிறோம்?

'அப்பா செய்தித்தாள் படிக்கிறார், அம்மா சமைக்கிறாள்.' இத்தகைய தொடரைக் காணும்போது நாம் உடனே குறைகூறுவது வேலைப் பங்கீட்டை. விளம்பரங்களிலும் பாடப்படங்களிலும் அப்பங்கீட்டை மாற்றுவதும் எளிது. மாற்றிப் பாருங்கள்: 'அம்மா செய்தித்தாள் படிக்கிறாள்; அப்பா சமைக்கிறார்.' கரண்டி கைமாறிற்று; ஈறு மாறவில்லை. அடுப்படியில் நின்றாலும் அப்பா 'ஆர்' பெறுகிறார். நாளிதழை விரித்தாலும் அம்மாவுக்கு 'ஆள்'தான்.

அது நெருக்கத்தின் அடையாளம் என்பர் சிலர். இறைவனையே 'வந்தான்' என்கிறோமே என்றும் கேட்பர். நெருக்கம் உண்மையே. தி. ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்' என்னும் தலைப்பில் 'ஆர்' ஈற்றைப் புகுத்த நான் ஒருபோதும் உடன்படேன். ஆனால் நெருக்கம் மட்டுமே காரணமெனில், 'அப்பா வந்தான்' என்று எழுதும் பிள்ளை எங்கே?

இதில் வியப்பான செய்தி ஒன்று உண்டு. பல வீடுகளில் பிள்ளைகள் 'அம்மா வந்தாங்க' என்றே பேசுகின்றனர். அதே பிள்ளை கட்டுரைத் தாளில் 'அம்மா வந்தாள்' என்று எழுதுகிறது. பேச்சில் இருந்த மதிப்பு எழுத்துக்கு வரும் வழியில் உதிர்ந்துவிடுகிறது. பெண்பாலுக்கு 'ஆள்' என்று நாம் கற்பித்த வாய்பாடும் இதற்கு ஒரு காரணம் என்பேன்.

செய்தித்தமிழிலோ சிக்கல் வேறு. ஓட்டுநர், காவலர், மருத்துவர் யாவும் பொதுச்சொற்கள். இருந்தும் 'பெண் ஓட்டுநர்' விபத்தில் சிக்குகிறார். 'ஆண் ஓட்டுநர்' எவரும் தலைப்பில் சிக்குவதில்லை. பாலே செய்தியாகும் இடமும் உண்டு: 2017இல் ஹலிமா யாக்கோப் பதவியேற்றபோது 'சிங்கப்பூரின் முதல் பெண் அதிபர்' என்றது பொருத்தமே. அதன்பின் 'அதிபர்' என்பதே போதுமானதாயிற்று. அச்சொல்லுக்குப் புதிய விகுதி எதுவும் தேவைப்படவில்லை.

பொதுச்சொல் இருப்பதனாலேயே பொதுநோக்கு வந்துவிடுமா? மலாய் மொழியின் 'டியா' ஆண், பெண் வேறுபாடு காட்டாது. மாண்டரின் பேச்சில் 'தா' என்னும் ஒலி இருபாலார்க்கும் ஒன்றே; எழுத்தில்தான் வேறுபாடு. அம்மொழிகளைப் பேசுவோரிடமும் 'இது பெண்ணுக்கான வேலை' என்னும் எண்ணம் இல்லாமலில்லை.

தமிழில் இதற்கு ஒரு தனிக்காரணமும் சேர்கிறது. எழுத்துத் தமிழின் 'அவர்' இருபாற்பொது. பேச்சிலோ மதிப்புக்குரிய ஆணை 'அவரு' என்றும் பெண்ணை 'அவங்க' என்றும் பெரும்பாலும் பிரித்துவிட்டோம். ஆகவே 'மருத்துவர் வந்தார். அவர் நாடி பார்த்தார்' என்று படிக்கும் மாணவரின் செவியில் 'அவரு' ஒலிக்கிறது. மனத்தில் ஓர் ஆண் எழுகிறார். இலக்கணம் திறந்துவைத்த கதவைப் பேச்சுவழக்கு பாதி சாத்திவிடுகிறது.

ஆசிரியர்கள் இதனைத் தம் வகுப்பிலேயே சோதிக்கலாம். அவ்விரு தொடர்களையும் கரும்பலகையில் எழுதி, மருத்துவருக்கு ஒரு பெயரிட்டுக் கதையைத் தொடருமாறு மாணவரிடம் கூறுங்கள். பிறகு, 'மருத்துவர்' என்பதை நீக்கிச் 'செவிலியர்' என்று எழுதி, மீண்டும் பெயரிடச் சொல்லுங்கள். இரு பட்டியல்களையும் அருகருகே வைத்து, அப்பெயர்கள் எங்கிருந்து வந்தன என்று அவர்களையே கேளுங்கள்.