அனுப்பியது ‘அம்மா’... வந்தது புரியாத எழுத்து! கணினிக்குக் கணினி ஃபான்ட் மாறுவது ஏன்?

முகூர்த்த மாதம் நெருங்கிவிட்டால் திருப்பூர் டிடிபி கடைகளில் இப்படி ஒரு காட்சியைப் பார்க்கலாம். பெண்ணின் அப்பா கல்யாணப் பத்திரிகை வாசகத்தை வீட்டு கம்ப்யூட்டரிலேயே டைப் செய்து அனுப்பிவிட்டு, கடைக்கு வந்து நிற்கிறார். கடைக்காரர் ஃபைலைத் திறக்கிறார். தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து ஏதோ நிற்கிறது.

“ஏனுங்க, வீட்டுல நல்லாத்தானுங்க தெரிஞ்சுது. இங்க வந்து பூச்சி ஊர்றாப்ல ஆயிருச்சே?”

“உங்ககிட்ட இருக்கற ஃபான்ட் எங்கிட்ட இல்லீங்க. ஃபான்ட்டையும் சேர்த்து அனுப்புங்க. இல்லாட்டி கர்வ் போட்டு அனுப்புங்க.”

ஒரே ஃபைல்தான். வழியில் யாரும் அதைத் தொடவில்லை. பிறகு எழுத்து மட்டும் எப்படி மாறியது?

ஸ்டைல் நம்பரும் பேட்டர்னும்

பனியன் கம்பெனியில் வேலை செய்கிறவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஆர்டர் தாளில் சட்டையின் ஸ்டைல் நம்பர் மட்டும்தான் இருக்கும். துணியை வெட்டும் யூனிட்டில் அந்த நம்பருக்கு உரிய பேட்டர்ன் இருந்தால் சரியான சட்டை வரும். அதே நம்பரில் வேறு பேட்டர்ன் மாட்டியிருந்தால்? காலர் வைத்த சட்டைக்குப் பதிலாக வட்டக் கழுத்து பனியன் வந்து நிற்கும்.

கணினியிலும் இதே கதைதான். ஃபைலில் எழுத்தின் வடிவம் இருப்பதில்லை, எண் மட்டுமே இருக்கிறது. அந்த எண்ணுக்கு என்ன வடிவம் காட்ட வேண்டும் என்ற பேட்டர்ன்தான் ஃபான்ட், அதாவது எழுத்துரு. அது பெரும்பாலும் பார்க்கிறவரின் கணினியில் இருக்கிறது.

பழைய ‘பாமினி’ எழுத்துருவை எடுத்துக்கொள்வோம். அதில் ‘அம்மா’ என்று அடித்தால் கணினி சேமிப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் ஆகிய ஐந்து குறிகளின் எண்களைத்தான். ஆங்கில ‘எம்’ எழுத்தின் எண் 109. பாமினி அந்த எண்ணுக்கு ‘அ’ என்ற சட்டையை மாட்டிவிடுகிறது. பாமினி இல்லாத கணினிக்கு 109 என்றால் ‘எம்’ மட்டும்தான். அம்மா அங்கே காணாமல் போய்விடுகிறாள்.

ஊருக்கு ஒரு ஃபான்ட்

ஏன் இப்படிச் செய்தார்கள்? அன்று இடம் அவ்வளவுதான் இருந்தது. அந்தக் காலத்து எழுத்துருக்களில் மொத்தம் 256 இடங்கள். அதில் முதல் பாதி ஆங்கிலத்துக்கும் எண்களுக்கும். தமிழுக்கோ 247 எழுத்துகள். பாமினி போன்றவை ஆங்கிலத்தின் நாற்காலியிலேயே தமிழை உட்காரவைத்தன. வேறு சில, மீதி இடத்தில் தமிழைத் திணித்தன. எந்த எழுத்துக்கு எந்த இடம் என்பதை ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி முடிவு செய்தார்கள்.

அன்றைய முயற்சிகளைக் குறை சொல்லவும் முடியாது. மலேசியாவில் முத்து நெடுமாறன் ‘முரசு அஞ்சல்’ உருவாக்கினார். சுவிட்சர்லாந்தில் இருந்த கு.கல்யாணசுந்தரம் ‘மயிலை’ எழுத்துருவை இலவசமாகக் கொடுத்தார். தமிழ் இணையத்துக்குள் நுழைந்ததே இவர்களைப் போன்றவர்களால்தான். ஆனால், ஒரு எழுத்துருவில் எழுதியதை இன்னொன்றில் படிக்க முடியாத சிக்கலும் கூடவே வளர்ந்தது. 1990-களின் கடைசியில் ஒரு தமிழ் இணையதளத்துக்குப் போனால், செய்தியைப் படிக்கும் முன் அந்தத் தளத்தின் ஃபான்ட்டை டவுன்லோடு செய்ய வேண்டியிருந்தது. பத்து தளம் படிக்கப் பத்து ஃபான்ட்!

1999-ல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டைத் தொடர்ந்து தமிழக அரசு ‘டாம்’, ‘டாப்’ என்ற பொதுமுறைகளைக் கொண்டுவந்தது. வெளிநாட்டுத் தமிழர்கள் பலர் ‘டிஸ்கி’ என்ற முறையைப் பயன்படுத்தினார்கள். ஆகமொத்தம், வீட்டுக்கு ஒரு சாவி போய் தெருவுக்கு ஒரு சாவி ஆனது.

உலகத்துக்கே ஒரே சாவியாக வந்தது யூனிகோட். 1991-ல் வெளியான அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. அதில் ‘அ’ என்றால் 2949. திருப்பூரிலும் 2949, டொரன்டோவிலும் 2949. வேறு எந்த மொழி எழுத்துக்கும் அந்த எண் கிடையாது. விண்டோஸ் 2000 ‘லதா’ எழுத்துருவோடு வந்தபோது யூனிகோட் தமிழ் வீட்டு கம்ப்யூட்டர்களை எட்டத் தொடங்கியது. 2010 ஜூனில், பக்கத்து ஊரான கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்த வேளையில், தமிழக அரசும் யூனிகோடை ஏற்று ஆணையிட்டது. அச்சுத் தொழிலின் தேவைக்காக ‘டேஸ் 16’ என்ற முறையும் அதனுடன் ஏற்கப்பட்டது.

யூனிகோட் வந்த பிறகும் ஏன் வித்தியாசம்?

எண் ஒன்றானாலும் பேட்டர்ன் ஒன்றாகவில்லை. இணையப் பக்கம் ‘இந்த ஃபான்ட்டில் காட்டு’ என்று சொல்லும். அது இல்லையென்றால் கணினி தன்னிடம் இருப்பதை மாட்டிக்கொள்ளும். பழைய விண்டோஸில் லதா, புதிய விண்டோஸில் நிர்மலா, ஆப்பிளில் தமிழ் சங்கம், ஆண்ட்ராய்டு போன்களில் பெரும்பாலும் நோட்டோ. ஒவ்வொன்றுக்கும் அகலமும் தடிமனும் வேறு. அதனால்தான் உங்கள் போனில் ஒரே வரியில் நிற்கும் தலைப்பு, பக்கத்து வீட்டு லேப்டாப்பில் இரண்டு வரியாக மடங்குகிறது.

சில தளங்கள் ஃபான்ட்டையும் கூடவே அனுப்பிவிடும். நெட் மெதுவாக இருந்தால் முதலில் ஒரு எழுத்து தெரிந்து, அடுத்த நொடி வேறு எழுத்தாகக் குதிப்பது இதனால்தான்.

தமிழுக்கு இன்னொரு நுணுக்கமும் உண்டு. ‘கெ’ என்பதை யூனிகோட் முதலில் ‘க’, பிறகு கொம்பு என்றுதான் சேமிக்கிறது. கொம்பை முன்னால் நகர்த்திக் காட்டுவது மென்பொருளின் வேலை. அந்த வேலை தெரியாத பழைய மென்பொருளில் கொம்பு ககரத்துக்குப் பின்னால் அநாதையாக நிற்கும். எழுத்தே கைவசம் இல்லை என்றால் வெறும் கட்டம் வரும். இந்தக் கட்டத்துக்கு உலகம் வைத்த செல்லப்பெயர் ‘டோஃபு’. ‘டோஃபு வேண்டாம்’ என்பதைச் சுருக்கித்தான் கூகுள் தன் எழுத்துருவுக்கு ‘நோட்டோ’ என்று பெயர் வைத்தது.

லேபிளில் வந்தால் நஷ்டம்

திரையில் கட்டம் வந்தால் எரிச்சலோடு போய்விடும். ஆனால், ஏற்றுமதி பனியனின் லேபிளில் வந்தால்?

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011-ம் ஆண்டு விதிப்படி, துணி எந்த நாட்டில் விற்கப்படுகிறதோ அந்த நாட்டின் மொழியில் நூல் விவரம் இருக்க வேண்டும். அதனால் ஒரே லேபிளில் பருத்திக்கு ஆறேழு மொழிப் பெயர்கள். போலந்துக்காரர்கள் பருத்தியை எழுதும் சொல்லில், குறுக்கே சிறு கோடு போட்ட ஒரு ‘எல்’ வரும். கிரேக்கத்துக்கும் பல்கேரியாவுக்கும் எழுத்தே வேறு. லேபிள் அச்சடிக்கும் கணினியின் ஃபான்ட்டில் இந்த எழுத்துகள் இல்லையென்றால் கட்டமோ வேறு எழுத்தோ வந்துவிடும். துவைக்கும் தொட்டி, இஸ்திரிப் பெட்டிப் படங்களையும் எழுத்துருவாகவே வைத்திருப்பவர்கள் உண்டு. அந்த ஃபான்ட் இல்லாத கணினியில் இஸ்திரிப் பெட்டி சாதாரண ஆங்கில எழுத்தாகிவிடும்.

தெரியாத மொழி என்பதால் பிழை கண்ணில் படாது. தைத்து முடித்த பிறகு தெரிந்தால் லேபிளைப் பிரித்து, மறுபடி தைத்து, கப்பல் தேதியையும் பிடிக்க வேண்டும். “கர்வ் போட்டாச்சா?” என்று டிசைனர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது இதற்காகத்தான். கர்வ் போட்டால் எழுத்து படமாகிவிடும். பிறகு எந்தக் கணினியிலும் மாறாது, திருத்தவும் முடியாது.

நீங்கள் செய்ய வேண்டியவை

• பத்திரிகை, பேனர், லேபிள் என எதையும் அச்சுக்குக் கொடுக்கும்போது பிடிஎஃப் ஆகக் கொடுங்கள். ஃபான்ட் அதற்குள்ளேயே பதிந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கர்வ் போடும் முன் திருத்தக்கூடிய பிரதி ஒன்றைத் தனியாக வையுங்கள்.

• புதிதாக எதை டைப் செய்தாலும் யூனிகோடில் செய்யுங்கள். போனில் நீங்கள் அடிக்கும் தமிழ் யூனிகோட்தான்.

• பழைய ஃபைல் புரியாத எழுத்தாகத் தெரிந்தால் அழித்துவிடாதீர்கள். அதற்குள் தமிழ் பத்திரமாகத்தான் இருக்கிறது. வேர்டில் திறந்து, அந்த எழுத்தின் மேல் கர்சரை வைத்தால் ஃபான்ட்டின் பெயர் தெரியும். அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்து ‘என்.எச்.எம். கன்வெர்ட்டர்’ போன்ற மாற்றிகளில் யூனிகோடாக மாற்றலாம்.

• மாற்றியபின் ஒருமுறை முழுதாகப் படியுங்கள். இடையில் இருந்த ஆங்கிலச் சொற்களையும் மாற்றி தமிழாக்கிக் குழப்பியிருக்கும்.

கடைசி இரண்டு குறிப்புகளைத் தள்ளிப்போடாமல் இருப்பது நல்லது. தாத்தா டைப் செய்துவைத்த குலவரலாறு, அப்பாவின் கவிதைகள், பள்ளி ஆண்டு மலர் என்று பல வீடுகளின் அலமாரியில் பழைய சிடிக்கள் தூங்குகின்றன. இன்றைய லேப்டாப்கள் பலவற்றில் சிடி போடவே இடமில்லை. அந்தப் பழைய ஃபான்ட்டின் பெயர் தெரிந்தவர்களும் குறைந்துகொண்டே வருகிறார்கள். தாத்தா எந்த ஃபான்ட்டில் அடித்தார் என்று கேட்க, அவர் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.